இடது கைக்கு ஒரு பலகை

அன்புள்ள அளவுக்காரிக்கு,

நல விசாரிப்பை முதலிலேயே முடித்துவிடுகிறேன். இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்கு கை, அதில் மூன்று நலம், நாலாவது மெதுவாக வழிக்கு வந்துகொண்டிருக்கிறது. அங்கே உன் இரண்டும் நலம்தானே? வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்கிறாய் என்று நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தாலே தெரிகிறது, போடு. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீயும் நானும் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை, நாலாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம், பத்து வருஷமாக அப்படித்தான். காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் முழுசாகப் படி. பார்சலைப் பிரித்து, உள்ளே ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பார்த்து, இது என்ன கோமாளித்தனம் என்று மூலையில் வைத்திருந்தால் எழுந்து போய் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொள். கடிதமே அதைப் பற்றித்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடப் போவதாக நீ உன் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். எங்களிடம் சொல்லவில்லை, பெரியம்மாவிடம். அவர் வயிற்றில் இதுவரை எந்த ரகசியம் ஒரு மணி நேரம் தங்கியிருக்கிறது? அன்று சாயங்காலமே போன் வந்துவிட்டது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்டேன். பெத்தவ ஒரு கையோட தட்டுத் தடுமாறிக்கிட்டு இருக்கறப்ப பொண்ணு எங்கேயோ பாலம் கட்டிக்கிட்டு இருந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க, நல்ல வேளை, அவளே புரிஞ்சுக்கிட்டா, தங்கமான பொண்ணு என்றார். உன் அம்மா சரிக்கா என்று மட்டும் சொல்லி வைத்தாள். வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். கை போனது எனக்கு, வேலை போறது அவளுக்கா என்று கேட்டாள். அதற்கப்புறம் அந்தச் சாப்பாட்டை அவள் தொடவில்லை. அது என்ன சாப்பாடு என்பது உனக்குத் தெரியாது, பெரியம்மாவுக்கும் தெரியாது, பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்றே ஒன்று: வேலையை விட்டுவிட்டு வராதே. லீவு போட்டு வா, பத்து நாள் இரு, திரும்பிப் போ. உன் பயிற்சி முடிய இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. நடுவில் விட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவும் உனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கீழே நின்று. அதைச் சகிக்கிற ஆளா நீ? உன் அம்மாவை நான் கல்யாணம் செய்தபோது உனக்குப் பதினாலு வயது, எனக்கு இருபத்தாறு. அப்பா என்று கூப்பிடச் சொல்லி நான் கேட்டதில்லை, நீயும் கூப்பிட்டதில்லை, மெக்கானிக் என்றாய், அதுவே நின்றுவிட்டது. பன்னிரண்டு வயது மூத்தவன் உனக்கு உத்தரவு போடுவது சரியில்லைதான், தெரியும். போட்டுவிட்டேன்.

நீ ஏன் இந்த முடிவுக்கு வந்தாய் என்றும் தெரியும். வீடியோவில் பேசும்போதெல்லாம் பின்னால் நான் அடுப்படியில் நிற்பதும் உன் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பதும் உன் கண்ணில் பட்டிருக்கிறது. பக்கவாதம் வந்ததிலிருந்தே அவள் அப்படி ஆகிவிட்டாள் என்று நினைத்திருக்கிறாய். இல்லை. நீ வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போன பிறகும் அவள் அடுப்படிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். வலது கை தொங்கினால் என்ன, இடது கையால் ஏதாவது ஒன்றைக் கிளறுவாள், தேய்ப்பாள், கீழே போட்டு உடைப்பாள், உடைத்ததைக் காலால் ஓரம் தள்ளுவாள். அதை நிறுத்தியது வியாதி இல்லை, நான். இதை உன்னிடம் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒருநாள் வேலையிலிருந்து நான் பசியோடு வந்தேன். அவள் மேடை மேல் ஒரு கேரட்டை வைத்து இடது கையால் நறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் அது உருண்டது, அவள் இழுத்து வைத்தாள், மறுபடி உருண்டது. பதினொரு நிமிடம் பார்த்தேன், ஒரு கேரட்டில் பாதி கூட ஆகவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போய் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கினேன். வாங்கினேன் என்று எழுதுவது பொய், பிடுங்கினேன். நாற்பது விநாடியில் எல்லாவற்றையும் நறுக்கித் தட்டில் போட்டுவிட்டு, அவ்வளவுதானே, இதுக்குப் போய் என்றேன். உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஏழு வாரம் அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை. என்னிடம் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை, கோபம் வந்தால் வாடா போடா என்று நம் வீட்டுக் கூரை பறக்கும் என்பது உனக்குத் தெரியும். ஏழு வாரமும் நீங்க, வாங்க, போதுங்க. விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி.

கைப்பயிற்சி சொல்லித்தர வரும் அம்மாவிடம் கேட்டேன், ஏன் முன்னேற்றமே இல்லை என்று. அவர் என்னைவிட வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பந்தை அமுக்கச் சொல்லிக் கொடுக்கத்தான் நான் வர்றேன், அவங்களுக்குச் செய்ய வேலை ஏதாவது வீட்ல மிச்சம் வச்சிருக்கீங்களா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. உருளுகிற பொருளைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை, அவ்வளவுதானே பிரச்சினை, பிடிக்கிற வேலையைப் பலகை செய்யட்டும் என்று அன்றே முடிவு பண்ணினேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் பட்டறையை நீ செருப்பு அலமாரி என்றுதான் சொல்வாய். நாலடிக்கு ஆறடி, நிமிர்ந்தால் தலை இடிக்கும், ஆனால் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இருக்கிறது, இழைப்புளி இருக்கிறது, இரண்டு உளி இருக்கிறது, போதும். முதல் பலகையை இரண்டு அங்குலக் கனத்தில் செய்தேன். கெட்டி மரம், நகரவே கூடாது என்பது என் கணக்கு. மரம் வாங்கும்போதே பலகைக் கடைக்காரர் கனத்தைப் பார்த்துவிட்டு, இதுல காய் நறுக்கப் போறீங்களா, இல்ல கீல் வச்சுக் கதவாக்கப் போறீங்களா என்றார். அவர் கிடக்கிறார் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, செய்து முடித்து மேடை மேல் வைத்து, என் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். எனக்கே மணிக்கட்டு முறுக்கியது. கழுவ வேண்டாமா? போச்சு. இரண்டாவதைப் பாதிக் கனத்தில் செய்து, கீழே நாலு மூலையிலும் ரப்பர் ஒட்டினேன். தூக்க முடிந்தது. ஆனால் மேடை ஈரமானதும் சறுக்கியது, கேரட்டுக்குப் பதில் பலகையே ஓடியது. அதையும் ஓரம் போட்டேன்.

மூன்றாவதுக்கு வழி என் மூக்குக்குக் கீழேயே இருந்திருக்கிறது. மரம் அறுக்கும்போது சின்னத் துண்டுகளை நான் வைஸில் பிடிப்பதில்லை. ஒரு பலகை வைத்திருக்கிறேன், அதன் அடியில் முன்பக்கம் ஒரு சட்டம் கீழே இறங்கியிருக்கும், மேலே பின்பக்கம் ஒரு சட்டம் ஏறியிருக்கும். கீழ்ச்சட்டம் மேசையின் விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும், அழுத்தினால் எங்கேயும் போகாது. வருஷக்கணக்காகத் தினமும் பார்க்கிற சாமான், புத்தியில் ஏற இத்தனை நாள். அதே மாதிரி செய்தேன். அடியில் சட்டம், அது மேடை விளிம்பைப் பிடிக்கும். நடுவில் அடியிலிருந்து மேலே குத்தி நிற்கும் இரண்டு துருப்பிடிக்காத ஆணி, உருளைக்கிழங்கோ கேரட்டோ அதில் குத்தி வைத்தால் அசையாது. தூர மூலையில் இரண்டு சின்னச் சட்டம் எல் வடிவில், ரொட்டித் துண்டை அதில் சாய்த்து வைத்து வெண்ணெய் தடவினால் ரொட்டி ஓடாமல் முட்டி நிற்கும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன், கால் மில்லிமீட்டர் கூட விலகல் இல்லை. நீ அளவெடுப்பவள், உனக்குத்தான் இதன் அருமை தெரியும், ஆனால் கொஞ்சம் பொறு, உடனே பாராட்டிவிடாதே.

பரீட்சை வேண்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இடது கையைத் துண்டால் உடம்போடு கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டு நறுக்கினேன், தோல் சீவினேன், ரொட்டியில் தடவினேன், பலகையைக் கழுவி நிமிர்த்தி வைத்தேன். எல்லாம் வெண்ணெய் மாதிரி நடந்தது. திரும்பிப் பார்த்தால் உன் அம்மா அடுப்படி வாசலில் நிற்கிறாள். ஏழு வாரத்தில் அந்த வாசல் வரை அவள் வந்தது அன்றுதான். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தத் துண்டை ஒரு கையால கட்டுனீங்களா, ரெண்டு கையாலயா என்று கேட்டாள். இரண்டு கையால்தான் என்றேன். அதானே பார்த்தேன் என்று சொல்லிச் சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை, மூக்கால் ஒரு சிரிப்பு, எனக்கு அது போதும். துண்டை அவிழ்த்துப் பலகையைத் துடைத்து மேடையில் மாட்டி, இது உனக்கு, நான் செய்தது, பார் என்றேன். கேரட்டைப் பற்றி மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன், அது வாயில் வரவில்லை.

அவள் வந்தாள். உருளைக்கிழங்கை ஆணியில் குத்தினாள், நறுக்கினாள், அசையவில்லை. என் தலை கொஞ்சம் வீங்கியது. பிறகு ரொட்டியை மூலையில் சாய்த்து வைத்து வெண்ணெய் தடவினாள். ரொட்டி நேராக வலது பக்கம் ஓடி, விளிம்பைத் தாண்டி, வெண்ணெய்ப் பக்கம் கீழே பட விழுந்தது. உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நான் வலது கைக்காரன். வலது கையால் தடவினால் கத்தி இடது பக்கமாகத் தள்ளும், அதனால் தடுப்புச் சட்டத்தை இடது மூலையில் வைத்தேன். அவளுக்கு இருப்பது இடது கை. அது வலது பக்கம் தள்ளும். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெட்டவெளி. தொழிற்சாலையில் இடது மரை போல்ட்டை வலது மரை என்று நினைத்து முறுக்கிய ஒருவனை ஒரு மணி நேரம் நிற்க வைத்துத் திட்டியவன் நான். வெர்னியரில் கால் மில்லிமீட்டர் பார்த்தவன் எந்தக் கை என்று பார்க்கவில்லை. கட்டிப் பார்க்கும்போதாவது வலது கையைக் கட்டியிருக்க வேண்டாமா, அதுவும் இல்லை, எனக்கு எது வசதியோ அதை விட்டுவிட்டு மற்றதைக் கட்டியிருக்கிறேன். பழக்க தோஷத்தில் கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தேன். தொடாதே என்றாள். நிமிர்ந்தேன். இது உன் கைக்குச் செஞ்ச பலகைடா, என் கைக்குச் செஞ்சதில்ல, அஞ்சு மாசமா பக்கத்துல இருந்து எந்தக் கைன்னு கூடவா பாக்கல, கத்தியைப் பிடுங்கினியே அன்னைக்கு, எந்தக் கையிலிருந்து பிடுங்கினே என்று கேட்டாள். ஏழு வாரத்துக்குச் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது, மேல்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் நின்று கேட்டுக்கொண்டேன். நீங்க போய் நீ வந்துவிட்டது, டாவும் வந்துவிட்டது, அப்போதே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது எனக்கு. முடிந்ததும், தயாரித்து வைத்த வாக்கியம் மறந்துபோய், தப்பு என்னுதுதான் என்று மட்டும் சொன்னேன். அது எனக்கே தெரியும், அடுத்தது எப்போ என்றாள்.

அடுத்ததை நாங்கள் இரண்டு பேரும் செய்தோம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும், முட்டினால் முட்டட்டும் என்று வந்து நின்றாள். எது எங்கே வர வேண்டும் என்று நான் அளக்கவில்லை, அவள் வெறும் பலகை மேல் கையை வைத்துக் காட்டினாள். நான் மூன்று ஆணி என்றேன், வேண்டாம், ரெண்டு போதும், மூணுன்னா கழுவறப்ப விரலைக் கிழிக்கும் என்றாள், சரி. தடுப்புச் சட்டத்துக்குக் கோடு அவளே போட்டாள், இடது கையில் பென்சில், கோடு ஒன்றரை மில்லிமீட்டர் கோணல். நேராக்கட்டுமா என்று வாய்வரை வந்தது, முழுங்கிவிட்டு அந்தக் கோணல் கோட்டிலேயே அறுத்தேன். என் வாழ்க்கையில் வேண்டுமென்றே கோணலாக அறுத்தது அது ஒன்றுதான். இன்னொன்று கேள். நான் ரம்பம் போடும்போது பலகையின் மறுமுனை துள்ளியது. உன் அம்மா தன் வலது கையை இடது கையால் தூக்கி, ஒரு மூட்டையை வைப்பது போலப் பலகை மேல் வைத்து, உடம்பைச் சாய்த்து அழுத்திக்கொண்டாள். இதுக்காவது உதவட்டும், சும்மா தொங்கிக்கிட்டு இருக்கு என்றாள். துள்ளல் நின்றது. கைப்பயிற்சி அம்மாவிடம் சொன்னபோது, பந்தைத் தூக்கிப் போடுங்க, தினமும் அவங்களைப் பலகை பிடிக்க விடுங்க என்றார். அதனால் இப்போது வீட்டில் தேவைக்கு அதிகமாக மரம் அறுபடுகிறது. போன வாரம் அறுக்கும்போது அந்தக் கையின் கட்டைவிரல் பலகை விளிம்பைக் கவ்வியதை நான் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, தானாகத் தெரியட்டும்.

பெரியம்மா போன் செய்த அன்று தட்டில் இருந்தது என்ன என்று இப்போது சொல்கிறேன். கேரட்டும் உருளைக்கிழங்கும் வெங்காயமும், எல்லாம் அவளே நறுக்கி அவளே சமைத்தது, ஐந்து மாதத்தில் முதல் முழுச் சாப்பாடு. ஒரு கேரட்டுக்கு ஒன்பது நிமிடம் ஆனது. நான் பக்கத்தில்தான் நின்றேன், என் இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். பசி காதை அடைத்தது. அப்படி நிற்பது மரம் அறுப்பதைவிடக் கஷ்டமான வேலை, சத்தியமாகச் சொல்கிறேன். அதைத்தான் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அந்த நேரம் பார்த்துத்தான் தட்டுத் தடுமாறுகிறாள், பொண்ணு வேலையை விட்டுவிட்டு வருகிறாள் என்று போன். தட்டை ஏன் தள்ளினாள் என்று புரிகிறதா? நீ வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் எரிச்சலில் பிடுங்கினேன், நீ பாசத்தில் பிடுங்குவாய், நீ உட்காரும்மா நான் செய்றேன் என்பாய். கத்தி அவள் கையில் இருக்காது, அவ்வளவுதான். என்னிடமாவது திட்டித் திரும்ப வாங்கிக்கொண்டாள். உன்னிடம் எப்படித் திட்டுவாள், வேலையை விட்டுவிட்டு வந்த பிள்ளையை?

உனக்கு அனுப்பியிருப்பது மூன்றாவது பலகை. குறை என்று அதில் ஒன்றும் இல்லை, கை மட்டும்தான் தப்பு, உன் கைக்குச் சரியாக இருக்கும். நீ இடது கையில் போனை வைத்துக்கொண்டு வலது கையால் ரொட்டி தடவுகிறவள்தானே, உனக்கென்றே செய்தது போல இருக்கும். பொட்டலத்தில் வருவதைத் தின்று தின்று முகம் வீங்கிக் கிடக்கிறாய், நாலு காய் வாங்கி நறுக்கிச் சாப்பிடு. ஆணிக்கு இரண்டு தக்கை வைத்திருக்கிறேன், வேலை முடிந்ததும் செருகிவை, தூக்கக் கலக்கத்தில் கை வைத்துவிட்டு என்னைத் திட்டாதே. தண்ணீரில் ஊறப்போடாதே, கழுவித் துடைத்து நிமிர்த்தி வை, படுக்க வைத்தால் வளைந்துவிடும். மாதம் ஒருமுறை கூட வைத்திருக்கும் மெழுகைத் தடவு. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அறைத்தோழியோடு தினமும் மல்லுக்கட்டுகிறாயாமே, அவளுக்கும் ஒரு ரொட்டி தடவிக் கொடு, சண்டை பாதியாகும். பாலத்தில் ஏறும்போது பாதுகாப்புக் கச்சையை மாட்டாமல் ஏறாதே. அளவை இரண்டு முறை எடு, எடுப்பதற்கு முன்னால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள், இது நான் சமீபத்தில் கற்றுக்கொண்டது.

ஆசீர்வாதம் சொல்ல உனக்கு வயசு போதாது மெக்கானிக் என்பாய். போதாதுதான், இருந்தாலும் சொல்கிறேன், எடுத்துக்கொள்: நீ போடும் கோடெல்லாம் நேராக வரட்டும், கட்டும் பாலம் நிற்கட்டும், உடம்பு இரும்பாக இருக்கட்டும், கோபம் மட்டும் கொஞ்சம் குறையட்டும். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு, கிழித்தேன் என்று எனக்கு ஒரு வரி அனுப்பு. பெரியம்மாவுக்கு அனுப்பாதே. இதற்குக் கீழே உன் அம்மா எழுதப் போகிறாள், இடது கை, முக்கால் மணி நேரம் ஆகுமாம், அதுவரை நான் வெளியே இருக்க வேண்டுமாம், படிக்கவும் கூடாதாம். உறையை ஒட்டவும் விடமாட்டாள் போலிருக்கிறது, அவளே ஒட்டுவாளாம். இதைக் கொடுத்துவிட்டு நான் படிக்கட்டில் போய் உட்காரப் போகிறேன்.

இப்படிக்கு,
மெக்கானிக்

லீவுக்கு வா. வேலைய விட்டுட்டு வந்தா கதவைத் திறக்க மாட்டேன், திறக்கவும் ஒரு கைதான் இருக்கு. பலகை நல்லாருக்கு. இவன்கிட்ட சொல்லிடாதே.
அம்மா